பட்டத்திற்கும் குலமா?

"என்ன படித்தாய்?" என்று கேட்பதற்கு முன்பே, "எங்கே படித்தாய்?" என்று கேட்கும் வழக்கம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்கிறது. திருமண அழைப்பிதழைப் பாருங்கள்! மணமகன் பெயரை அடுத்துப் பட்டம்; பட்டத்தை அடுத்து, அதை அளித்த இடத்தின் பெயர். பெயருக்குப் பின்னே ஒட்டியிருந்த சாதி வாலை வெட்டியெறியச் சொன்னோம், பலர் வெட்டினர். வெட்டிய இடத்திலேயே வேறொரு வால் முளைக்கக் காண்கிறோம்.

பிறந்த குலத்தைக் கேட்டு ஆளை அளப்பது அறிவீனம் என்கிறோம். பட்டம் பிறந்த குலத்தைக் கேட்டு ஆளை அளப்பது மட்டும் அறிவுடைமை ஆகிவிடுமா?

குமரி மாவட்டத்து இளைஞருக்கு இதை விளக்க வெளியூர்ச் சான்று தேவையில்லை. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியின் கதையைக் கேளுங்கள். 1893இல் கல்லூரியாக உயர்ந்தபோது அது சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றவே, அதன் குடைக்கீழ் வந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி தமிழகத்தோடு இணைந்தது (போராடிப் பெற்ற இணைப்பு!), அதன்பின் மீண்டும் சென்னை. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்தது. பட்டத்தில் மதுரை ஏறியது. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பெயரால் நெல்லையில் பல்கலைக்கழகம் எழ, முத்திரை மறுபடியும் மாறியது. நூறாண்டு நிறைவதற்குள் இத்தனை முத்திரைகள்! கட்டடம் அதுவே, பலகை அதுவே, கரும்பலகையும் அதுவே. முத்திரை மாறிய அன்று, பாடம் சொன்ன ஆசிரியரின் அறிவு குன்றிமணி அளவேனும் கூடிற்றா? குறைந்ததா?

உலகப் புகழ் வாய்ந்த ஆக்ஸ்போர்டிலே ஒரு வேடிக்கை உண்டு. அங்கே பி.ஏ. பெற்றவர், மாணவராகப் பதிவான நாள் தொட்டு 21 பருவங்கள் கழிந்தால், மேலும் ஒரு தேர்வும் எழுதாமலே எம்.ஏ. ஆகிவிடலாம். காலம் கனிந்தால் பட்டமும் கனியுமாம்! நம்மூர்க் கல்லூரி ஒன்று இப்படிச் செய்தால் நாடே சிரிக்கும். ஆக்ஸ்போர்டு செய்தால் அது மரபு.

ஆயினும், "பெயரில் ஒன்றுமே இல்லை" என்று முழங்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. அப்படி முழங்குவோரில் பலர் அந்தப் பெயரால் வாழ்வு பெற்றவர்கள். அமெரிக்கப் பொருளியலாளர் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 1976இல் கல்லூரியில் சேர்ந்தோரை ஆராய்ந்து, 2002இல் தம் முடிவை வெளியிட்டனர். பெருங்கல்லூரியில் இடம் கிடைத்துச் சென்றவருக்கும், இடம் கிடைத்தும் வேறு கல்லூரியில் பயின்றவருக்கும் பின்னாளைய வருவாயில் பொதுவாகப் பெரிய வேறுபாடில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வேறுபாடு இருந்தது!

வியப்பென்ன? சீமான் வீட்டுச் செல்வனுக்குச் சிபாரிசு வீட்டுத் திண்ணையிலேயே காத்திருக்கிறது. ரப்பர் பால் வெட்டுபவர் மகளுக்கும், வலை இழுப்பவர் மகனுக்கும் யார் இருக்கிறார்கள்? பணக்காரனுக்கு அணிகலனாக இருக்கும் அதே பெயர், பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்கு ஊன்றுகோலாகிறது. ஆகவே, "உனக்கெதற்கம்மா பெரிய கல்லூரி?" என்று அவளிடம் அறிவுரை சொல்ல வருபவர்களை நாம் ஐயத்தோடுதான் நோக்குகிறோம்.

நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் உழவர் குடும்பத்திலே பிறந்த சிவன், 2018 முதல் 2022 வரை இஸ்ரோவின் தலைவராக விளங்கினார். வீட்டுக்கு அருகே இருந்தால் வேளாண் வேலைக்கும் உதவுவான் என்ற கணக்கில் தந்தை தேர்ந்தது, நாகர்கோவில் இந்துக் கல்லூரி. அங்குக் கணிதம் கற்றார். ஆனால் அதோடு நிற்கவில்லை. 1980இல் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும், 1982இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் பொறியியல் பட்டங்கள் பெற்றார். அருகிலிருந்த கல்லூரி அவர் அறிவைக் குறைக்கவில்லை. தொலைவிலிருந்தவை, அருகில் கிடைக்காத வானூர்திக் கல்வியைத் தந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

கல்லூரி வாயிலில் நிற்கும் தம்பியும் தங்கையும் துருவிக் கேட்கட்டும்: கருவிகளைத் தொட விடுகிறார்களா, அலமாரியில் பூட்டிக் காட்டுகிறார்களா? நூலகம் மாலையில் எத்தனை மணிவரை? விடுதியும் உதவித்தொகையும் உண்டா? சென்ற ஆண்டு வெளியேறியவர் இன்று எங்கே?

வேலைக்கு ஆளெடுக்கும் இடங்களிலும் இன்று நம் தோழர்கள் அமர்ந்திருக்கிறார்கள். விண்ணப்பத்தில் கல்லூரிப் பெயரைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டு, அவர்கள் விடைத்தாளைத் திருத்தட்டும்.