அடுப்படிக்கும் ஓர் ஓய்வுநாள்

சில ஆண்டுகளுக்கு முன், தவக்கால ஞாயிறு ஒன்றில், உணவைப் பற்றி மறையுரை ஆற்றினேன். கடையில் வாங்கும் பரோட்டாவும், இரண்டு நிமிடத்தில் வேகும் நூடுல்ஸும், பொட்டலத்தில் அடைத்த தின்பண்டங்களும் நம் பிள்ளைகளின் உடல்நலத்தைக் கெடுக்கின்றன. தாயின் கையால் சமைத்த உணவுக்கு ஈடு வேறில்லை. சோம்பலை விட்டொழித்து வீட்டில் சமையுங்கள் என்று சற்றுக் கடுமையாகவே பேசினேன். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, நூற்பாலையில் வேலை செய்யும் தாய் ஒருவர் என்னை அணுகினார். "சாமி, நீங்க சொன்னதெல்லாம் சரிதான். காலையிலே அஞ்சரைக்கு மில் பஸ் வந்துடும். மூணரைக்கு எழுந்தாத்தான் சோறும் குழம்பும் ஆகும். உங்களுக்கு யாரு சாமி சமைக்கிறது?" என்று கேட்டார். குரலில் ஏளனம் இல்லை. களைப்பு மட்டுமே இருந்தது.

என்னால் பதில் சொல்ல இயலவில்லை. அந்தப் பங்கு இல்லத்தில் நெடுங்காலமாகச் சமையற்பணி செய்துவந்தவர் ஒரு முதியவர். நேரம் தவறாமல் மேசையில் உணவு இருக்கும். அது அங்கு வந்துசேரும் வழியை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்றேன். உலை வைக்கப் பயிலவில்லை. அவ்வாண்டு மே மாதம் அம்முதியவர் கண் அறுவைச் சிகிச்சைக்காக ஊருக்குச் சென்றுவிட்டார். ஐம்பது வயதைக் கடந்த நான் முதன்முறையாக அடுப்பைப் பற்றவைத்தேன். முதல் வாரம் சோறு குழைந்தது, பருப்பு அடிப்பிடித்தது. மூன்று வேளைக்கும் சமைத்துப் பாத்திரங்களைக் கழுவி முடித்தபோது, பகலின் பாதி கரைந்திருந்தது. ஒரே ஓர் ஆளுக்கே இப்பாடு என்றால், ஐந்து பேர் உண்ணும் வீட்டில் என்ன பாடு? நான் சோம்பல் என்று பெயரிட்டது உண்மையில் களைப்பு என்பதை அந்த ஒரு வாரம் எனக்கு உணர்த்தியது.

இது என் அனுபவம் மட்டுமன்று. நடுவண் அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகின்றனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவதோ 97 நிமிடங்கள். அவ்வாறு ஈடுபடும் ஆண்களும் நூற்றுக்கு 26 பேர்தாம். பெண்களோ 81 பேர். இன்னொரு கணக்கும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். அனைவருக்கும் சமைப்பவர் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்கிறார். இவ்விரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சமையல் என்பது சுவையைப் பற்றிய கேள்வியாக நில்லாமல் நீதியைப் பற்றிய கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

எனவே நாம் கேட்க வேண்டிய அறக்கேள்வி இதுவே: சமையலுக்கான நேரத்தைச் சுருக்குவது அன்பைச் சுருக்குவதாகுமா?

இரட்டிப்பாய்ச் சேர்த்த மன்னா

பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் உண்ட மன்னாவைப் பற்றி விடுதலைப் பயண நூலில் வாசிக்கிறோம். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் சேர்க்க வேண்டும். பேராசையால் மறுநாளுக்கெனப் பதுக்கியது புழுத்து நாறியது. இப்பாடத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அதே அதிகாரத்தின் அடுத்த பகுதியை எளிதில் கடந்துவிடுகிறோம். ஆறாம் நாளில் அவர்கள் இரட்டிப்பாய்ச் சேர்க்கவும், சுடவேண்டியதைச் சுட்டு, வேகவைக்க வேண்டியதை வேகவைத்து, மீந்ததை மறுநாளுக்கென வைக்கவும் பணிக்கப்பட்டனர். அவ்வாறு வைத்தது கெடவில்லை.

ஒரே மன்னா, ஒரு நாள் கெட்டது, மற்றொரு நாள் கெடவில்லை. வேறுபாடு உணவில் இல்லை, நோக்கத்தில் இருந்தது. நாளை கிடைக்குமோ என்னும் அச்சத்தால் சேர்த்தது கெட்டது. ஓய்வுக்காகச் சேர்த்தது நிலைத்தது. ஓய்வுநாள் என்பது உண்பவருக்கு மட்டும் உரியதன்று, சமைப்பவருக்கும் உரியது. அதற்காகத்தான் முன்தயாரிப்பு கட்டளையாயிற்று. முன்கூட்டியே சமைத்து வைப்பது சோம்பலின் அடையாளம் எனச் சொல்லும் எவருக்கும் இப்பகுதியே போதிய மறுமொழி.

மார்த்தா நம் நினைவுக்கு வருவார். அவர் கடிந்துகொள்ளப்பட்டதைக் காட்டி, சமையலைத் தாழ்ந்த பணியாகவும் செபத்தை உயர்ந்த பணியாகவும் பிரிப்போர் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. ஆண்டவர் குறை கண்டது மார்த்தாவின் அகப்பையையன்று, பலவற்றைக் குறித்த அவருடைய பதற்றத்தையே. தேவையானது ஒன்றே என்னும் அந்த இடத்தில், ஒரு கறியே போதும் என்ற பொருளையும் விரிவுரையாளர் சிலர் காண்கின்றனர். விருந்தினருக்கு ஏழு வகை வேண்டும் என்று ஆண்டவர் கேட்கவில்லை. ஏழு வகையின் பெயரால் தம்மோடு அமர ஒருவர் இல்லாமற் போவதையே அவர் விரும்பவில்லை.

ஆறாம் நூற்றாண்டின் சமையல் முறை

ஆசீர்வாதப்பர் என நம் முன்னோர் வழங்கிய புனித பெனடிக்ட், ஆறாம் நூற்றாண்டில் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் சமையலறைக்கெனத் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். துறவிகள் வாரமுறையாக ஒருவருக்கொருவர் சமைத்துப் பரிமாற வேண்டும். நோயுற்றோரும் முதன்மையான வேறு பொறுப்பில் இருப்போரும் தவிர எவருக்கும் விலக்கில்லை. வாரம் முடிகையில் துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைத் தூய்மையாக்கி, அடுத்தவருக்கு ஒப்படைக்க வேண்டும். உணவுக்கோ, சமைத்த இரு கறிகள் போதும்: ஒன்றை உண்ண இயலாதவர் மற்றதை உண்பார். பழமோ இளங்காய்கறியோ கிடைத்தால் மூன்றாவதாகச் சேர்க்கலாம். நாளொன்றுக்கு ஒரு பவுண்டு ரொட்டி. வேலை கடினமான நாளில் சற்றுக் கூட்டித் தரலாம். எளிமை, சிக்கனம், உடல்நலம், உழைப்புப் பங்கீடு ஆகிய நான்கும் இந்தச் சில வரிகளில் அடங்கிவிடுகின்றன.

அவற்றுள் ஒரு சிறு விதி என் நெஞ்சைத் தொட்டது. பரிமாறுவோருக்கு, பொது உணவுக்கு முன்பே சிறிது ரொட்டியும் பானமும் தர வேண்டும். அப்போதுதான் அவர்கள் முணுமுணுக்காமல் பணிபுரிவர் என்கிறார். சமைப்பவர் கடைசியில் எஞ்சியதை உண்பவர் அல்லர், முதலில் பசியாறுபவர். இந்த ஒரு விதி நம் வீடுகளுக்கு வந்தால் போதும். இரத்தசோகைக் கணக்கு சற்றேனும் குறையாதா?

நம் பாட்டிமார் அறிந்த கலை

முன்தயாரிப்பு என்பதை ஏதோ நகரத்துப் புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். தமிழ்ச் சமையலின் உயிர்நாடியே அதுதான். நான்கு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, சிறிது வெந்தயம் என ஊறவைத்து அரைத்த மாவு, குளிர்பெட்டி இருந்தால் மூன்று நான்கு நாள்களுக்கு இட்லியாகவும் தோசையாகவும் ஊத்தப்பமாகவும் உருமாறும். பருப்புப்பொடியும் கறிவேப்பிலைப்பொடியும் பல வாரம் இருக்கும். காய்ச்சி வைத்த புளிக்காய்ச்சல் ஒரு வாரத்துக்குக் கைகொடுக்கும். இரவில் ஊறவைத்த கொண்டைக்கடலை காலையில் விரைவில் வேகும், எரிபொருளும் மிச்சம். முளைகட்டிய பாசிப்பயற்றில் இயல்பாக இல்லாத உயிர்ச்சத்து 'சி' உண்டாகிறது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது உலகம் வியந்து பார்த்த தானியத்தை, நம் பாட்டிமார் கூழாகக் கரைத்து வைத்துவிட்டுத்தான் வயலுக்குச் சென்றனர்.

அந்த ஒரு மாதத்தில் நான் கற்றுக்கொண்ட ஒழுங்கு எளியது. குக்கரின் அடுக்குப் பாத்திரங்களில் சோறும் பருப்பும் காயும் ஒரே வேளையில் வெந்துவிடும். பருப்பில் ஒரு பாதி இன்று சாம்பார். மறுபாதி நாளை முருங்கைக்கீரைக் கூட்டு. கீரையோடு எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேர்கிறது; உணவோடு உடனே தேநீர் அருந்தினால் அது தடைப்படுகிறது. செலவின்றிச் செய்யக்கூடிய மாற்றம் இது. எச்சரிக்கை ஒன்றும் வேண்டும்: சமைத்த சோற்றை வெப்பக் காலத்தில் நெடுநேரம் வெளியில் வைத்தால் நச்சுக்கிருமி பெருகும். குளிர்பெட்டியில் வைப்பதாயின் விரைவில் ஆறவைத்து வைக்க வேண்டும். பழையசோறாயின் அன்றிரவே நீரூற்றி, மறுநாள் காலையிலேயே உண்டுவிட வேண்டும்.

இவையெல்லாம் தெரிந்திருந்தும் நாம் ஏன் விட்டுவிட்டோம்? மானப் பிரச்சினை ஒரு காரணம். "எனக்குப் பழையதைப் போடுகிறாயா?" என்று கேட்கும் ஆணின் குரல் பல வீடுகளில் இன்னும் ஓயவில்லை. ஒவ்வொரு வேளையும் புதிதாக, சூடாக, வகைவகையாக வேண்டும் என்பவர், அதற்கான விலையை இன்னொருவரின் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். நேற்று அரைத்த மாவில் குறையில்லை. நேற்றைய களைப்பு நீங்காமல் இன்று எழும் உடலில்தான் குறை.

மிச்சமான நேரம் யாருக்கு?

இங்கே நேர்மையான மறுப்பு ஒன்றையும் எதிர்கொள்ள வேண்டும். சமையலைச் சுருக்கினால் மிச்சமாகும் ஒரு மணிநேரத்தை ஆலை எடுத்துக்கொள்ளுமானால், அல்லது தொலைக்காட்சியும் கைப்பேசியும் விழுங்கிவிடுமானால், நாம் பெற்றது என்ன? இம்மறுப்பில் உண்மை உண்டு. மனிதரின் ஓய்வைப் பறிக்கும் வேலைமுறையை மாற்றாமல், பெண்களுக்குச் சமையற்குறிப்பு மட்டும் கொடுப்பது நீதியாகாது. ஏழைக் குழந்தையின் பசியைத் தாயின் பொறுப்பாக மட்டும் விடாமல் ஊரின் பொறுப்பாக ஏற்ற மரபும் நமக்கு உண்டு. காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் விரிவுபெற்ற சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஆகியவை அம்மரபின் படிகள். காலையில் பள்ளியிலேயே பிள்ளை உண்கிறது என்றால், எங்கோ ஒரு தாய் அரைமணி நேரம் கூடுதலாக உறங்குகிறாள். அதுவும் அறமே.

ஆயினும், அமைப்பு மாறும்வரை வீடு காத்திருக்க வேண்டியதில்லை. மிச்சமான நேரம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். சனிக்கிழமை மாலை, வீட்டார் அனைவரும் அமர்ந்து, ஒருவர் கீரை ஆய, ஒருவர் பூண்டு உரிக்க, மகன் மாவரைக்க, கணவர் பாத்திரம் கழுவ, வாரத்துக்கான தயாரிப்பை முடிப்பார்களானால், அதுவே ஒரு குடும்ப செபத்துக்கு நிகர். அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள், சமையற் பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று தம் சகோதரிகளுக்கு நினைவூட்டினார். நாமோ அவரைப் பானைகளுக்கு நடுவில் ஒரே ஒருத்தியோடு தனியே விட்டுவிட்டு, கூடத்தில் அமர்ந்திருக்கிறோம்.

அன்புக்காக நெடுநேரம் சமைக்கும் நாள்களும் வாழ்வில் வேண்டும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முறுக்கும் அதிரசமும் சுடும் இரவை எந்த எளிமைக்காகவும் நான் விட்டுக்கொடுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் விழா விழாவாக இருக்க வேண்டுமானால், மற்ற நாள்கள் எளிய நாள்களாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளையும் விருந்தாக்க முயலும் வீட்டில், விருந்தும் சுமையாகிவிடுகிறது.

அடுத்த தவக்காலத்தில் அதே பீடத்தில் நின்று என் பழைய மறையுரையைத் திருத்திக்கொண்டேன். யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தை எடுத்தேன். இரவு முழுதும் உழைத்துக் களைத்துக் கரைசேர்ந்த சீடர்களுக்காக, உயிர்த்த ஆண்டவர் கரியில் தீ மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருந்தார். இரவுப்பணி முடித்து வந்தோரை அவர் முதலில் கணக்குக் கேட்கவில்லை, உண்ண அழைத்தார். ஒரே கறி, ஒரே அப்பம், சமைத்தவரோ ஆண்டவர்.

அன்றும் அந்தத் தாய் வந்திருந்தார். "சாமி, இப்ப சனிக்கிழமை மாவு என் வீட்டுக்காரர்தான் அரைக்கிறார். உப்புத்தான் கொஞ்சம் கூடிப்போகுது" என்றார். நான் சமைத்த பருப்பிலும் அப்படித்தான் என்றேன். இருவரும் சிரித்தோம். அன்பு வாசகரே, இவ்வார இறுதியில் உங்கள் வீட்டு அடுப்படியில் உப்புக் கூடிப்போகட்டும், கைகளும் கூடட்டும்.