நிறம் நீக்கும் நொடிகள்

கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம். அதுவரை ஸ்லைடில் எல்லாமே ஊதா. கிருமி, சீழணு, சளியின் இழை, எதற்கும் பேதமில்லை. அடுத்து அசிட்டோன் கலந்த ஆல்கஹால், சில நொடிகள். கிராம் சாயப் பரிசோதனையின் உயிர் அங்கேதான்.

ஊதா வழிந்தோடுவது நிற்கும்போது தண்ணீர் விட்டுவிட வேண்டும். புத்தகம் நொடிக்கணக்கு சொல்லும். பூச்சின் கனம் அதைக் கேட்பதில்லை. கூடிப்போனால் ஊதாவைத் தக்கவைக்க வேண்டிய கிராம் பாசிட்டிவ் கிருமிகூட நிறத்தை விட்டுவிடும். குறைந்துபோனால் அதை இழக்க வேண்டிய கிராம் நெகட்டிவ்கூட ஊதாவாகவே நிற்கும். கடைசியில் சாஃப்ரனின், சாயம் இழந்ததெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும்.

நான் முதலில் கிருமியைத் தேடுவதில்லை. சீழணுவின் கருவைப் பார்க்கிறேன். அது இளஞ்சிவப்பாக இருந்தால் கழுவியது சரி. ஊதாவாக இருந்தால் அந்த இடத்தில் காணும் எதையும் நம்புவதற்கில்லை.

*

பாசிட்டிவ் கிருமிக்குப் பெப்டிடோகிளைகான் சுவர் பல அடுக்கு. ஆல்கஹால் பட்டதும் நீர் வற்றி இறுகுகிறது. ஊதாவும் அயோடினும் சேர்ந்த கட்டு உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. நெகட்டிவ்வின் சுவர் மெல்லியது. அதன் வெளிச்சவ்வை ஆல்கஹால் குலைத்துவிட, சாயம் வெளியேறுகிறது. நாம் நிறம் என்று பார்ப்பது சுவரைத்தான்.

*

1884. பெர்லின் ஃப்ரீட்ரிஷ்ஷைன் மருத்துவமனையின் பிணவறையில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் துண்டுகளுக்குச் சாயமேற்றிக்கொண்டிருந்தார். கிருமிகளை இரண்டு வகையாகப் பிரிப்பது அவர் நோக்கமல்ல. திசுவிலிருந்து கிருமி தனித்துத் தெரிந்தால் போதும் அவருக்கு. டைபாய்டு கிருமி சாயத்தைத் தக்கவைக்கவில்லை. தன் முறை குறையுள்ளது, முழுமையற்றது என்று கட்டுரையிலேயே எழுதிவைத்தார். அந்தக் குறையை நம்பித்தான் இன்று வார்டில் முதல் ஆன்டிபயாடிக் தேர்வாகிறது. சாஃப்ரனின்கூட அவருடையதல்ல, பின்னால் வந்தது.

*

சளி மாதிரியில் செதில் அணுக்கள் நிறைய இருந்தால் அது வெறும் எச்சில். திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான்.

காசநோய்க் கிருமியின் மெழுகுச் சுவரில் இந்தச் சாயம் சரியாகப் பிடிக்காது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது. தண்டுவட நீரில் ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 10,000 கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். ஆகவே ‘கிருமி காணப்படவில்லை’ என்றுதான் எழுதுகிறோம், ‘இல்லை’ என்று எழுதுவதில்லை.

*

ரத்தக் கல்ச்சர் பாட்டில் பாசிட்டிவ் என்று கருவி ஒலி எழுப்பினால், ஸ்லைடு பார்த்த கையோடு வார்டுக்குப் போன் செய்ய வேண்டும்.

“கிராம் பாசிட்டிவ் காக்கஸ் டாக்டர், கொத்துக் கொத்தா இருக்கு.”

“அப்போ ஸ்டாஃப் ஆரியஸா?”

ஆரியஸாக இருக்கலாம். ஊசி குத்தியபோது தோலிலிருந்து ஒட்டிக்கொண்ட அதன் சாதுவான உறவாகவும் இருக்கலாம். லென்ஸுக்கு அடியில் இரண்டும் ஒன்றுபோலத்தான்.

“கொத்தா இருக்கு டாக்டர். பேரு கல்ச்சர்லதான் தெரியும்.”