கூத்தும் குறியும்: எழுதுபவனின் அறம்

கலையொன்றை எழுத்தில் நிறுத்துவது அதனைக் காப்பதா, அன்றிக் கட்டிப்போடுவதா என்னும் வினா பழமையானது. இசைக்குறி எழுதும் கணினி மென்பொருள்கள் மாணவர் கைக்கும் எட்டிவிட்ட இந்நாளில் அவ்வினா புதிய கூர்மை பெறுகின்றது. அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்பட்டுவரும் காமன் கூத்தை முன்வைத்து அதனை ஆராய்வது பொருத்தமாகும்.

மேலைநாட்டு ஒபேராவிலும் இசை நாடகத்திலும் எழுதப்பட்ட இசைக்குறியே யாவர்க்கும் பொதுவான ஆணை. நெறியாளரின் முழுப்பிரதி, பாடகரின் பியானோப் பிரதி, ஒவ்வொரு கருவியாளரின் தனிப்பிரதி ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று முரணாதிருத்தல் வேண்டும். பாடகரின் குரலுக்கேற்பச் சுருதி மாறினும், ஒத்திகையில் ஒரு பகுதி வெட்டப்படினும் எல்லாப் பிரதிகளும் மாற வேண்டும். முன்னர்ப் பல நாட்கள் கையால் செய்யப்பட்ட அவ்வேலையை மென்பொருள் இன்று சில நிமிடங்களில் முடிக்கின்றது. அங்கே அச்சுக் கோப்பவனின் அறம் எளிதில் விளங்குவது: இசையமைப்பாளன் எழுதியதைப் பிழையின்றிப் பேணுதல்.

அவ்வெளிய அறமும் மீறப்பட்டதுண்டு. உருசிய இசையமைப்பாளர் முசோர்க்சுகி 1881இல் மறைந்த பின், அவருடைய 'போரிசு கொதுனோவ்' ஒபேராவை நண்பர் ரிம்சுகி-கோர்சகோவ் 'திருத்தி' 1896இல் அரங்கேற்றினார். முரடெனத் தோன்றிய இசையிணைவுகள் மென்மையாக்கப்பட்டன. நல்லெண்ணமே நோக்கமாயினும், பல்லாண்டுகள் உலகம் கேட்டது நண்பரின் செவிக்கு இசைந்த முசோர்க்சுகியையே.

காமன் கூத்தில் இச்சிக்கல் மேலும் ஆழமாகின்றது. அங்கே இசையமைப்பாளன் என்று ஒருவன் இல்லை. கம்பம் ஊன்றுவது முதல் காமன் எரிவது வரை ஆடுவோர், பாடுவோர், தப்படிப்போர் யாவரும் தோட்டத்து மக்களே. கூத்து மாஸ்டரின் நினைவிலும் பழைய கொப்பிகளிலும் வாழும் பாடல் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். இரதியின் புலம்பல் ஓரிரவு நீளும், மற்றோர் இரவு குறுகும். மூலப்பிரதி இல்லாதவிடத்து எழுதுபவன் எதற்கு உண்மையாயிருப்பான்?

'ஆதலின் எழுதாமல் விடுவதே மேல்' என்பர் சிலர். இக்கூற்று மலையக வரலாற்றை மறந்த கூற்றாகும். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. தலைமன்னாரில் கப்பலேறியோருள் கூத்தறிந்தோரும் இருந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. குடும்பங்கள் பிரிந்தபோது, நினைவொன்றையே ஏடாகக் கொண்ட கலையும் சிதறியது. அத்தகைய சமூகத்திடம் 'வாய்மொழியே தூயது' என்பது, வீடிழந்தவனிடம் திறந்த வெளியின் அழகைப் பேசுவது போலாகும். சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து 1983இல் நூலாக்கியது இவ்விழப்பின் நடுவிலேயே என்பது நினைவுகொள்ளத்தக்கது.

எனினும் எழுதும் கருவியும் நடுநிலையானதன்று. தப்பின் அடியை மென்பொருளில் பதிந்தால், அது வகுத்துள்ள கால அளவுகளுள் மிக நெருங்கியதற்கு அவ்வடியைத் தள்ளிவிடும். சற்றே பிந்தி விழும் அடி 'சரி' செய்யப்படும். ஆட்டக்காரனின் கால் காத்து நின்றதோ அந்தப் பிந்தலுக்காகவே. வழுக்கி இறங்கும் குரல் பன்னிரு சுரங்களுள் ஒன்றாய் அடைபடும். ரிம்சுகி-கோர்சகோவ் அறிந்து செய்ததை இயந்திரம் அறியாமலே செய்கின்றது. 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்ட சுப்பராம தீட்சிதர், கமகங்களுக்கெனத் தனிக் குறிகளை வகுத்து அச்சேற்றினார். இசைக்கேற்பக் குறியை வளைத்த அம்முயற்சியே ஈண்டு வழிகாட்டத்தக்கது.

எழுதியது நிலைக்கும் என்னும் நம்பிக்கையும் முழுமையானதன்று. 1988 முதல் வழங்கிவந்த ஃபினாலே என்னும் மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக அதன் நிறுவனம் 2024இல் அறிவித்தது. பிற மென்பொருள்களுக்கும் ஏற்ற வடிவிலோ தாளிலோ பிரதி எடுத்து வையாதார்க்கு அது பெருங்கவலையாயிற்று. ஏடும் அழியும், நினைவும் அழியும். ஒன்றுக்கொன்று துணையாதலே இயலும்.

ஆகவே எழுதுபவனின் கடமை மூன்றாகும். முதலாவது, தான் எழுதியது இன்ன தோட்டத்தில், இன்ன இரவில், இன்னார் பாடியது என்று குறித்தல். 'காமன் கூத்து இதுவே' என முடிவுகூறும் உரிமை அவனுக்கில்லை. இரண்டாவது, மாஸ்டரின் பெயரோடு தப்படித்தோரின் பெயரையும் அவர்தம் இசைவுடன் பதித்தல். சாதி இழிவைச் சுமந்துவந்த அக்கருவியின் கலைஞரைப் பெயரற்றவராக விடுவது பழைய அநீதியைப் புதிய அச்சில் தொடர்வதாகும். வழிபாட்டுக்குரிய பகுதியை எழுத வேண்டாம் என அவர்கள் கூறின், அதற்கு இணங்குவதும் இக்கடமையுள் அடங்கும். மூன்றாவது, பிரதியைப் பல்கலைக்கழக நூலகத்தில் வைப்பதோடு அமையாது, லயத்துக்குத் திருப்பிக் கொடுத்தல்.

இவ்வளவு செய்த பின்னும் ஓர் அச்சம் எஞ்சும். நாளை ஒரு சிறுவன் அப்பிரதியைக் காட்டி, 'மாஸ்டர், நீங்கள் பிழையாகப் பாடுகிறீர்கள்' என்று கூறக்கூடும். அவ்வேளையில் பிரதியின் முதற்பக்கமே மாஸ்டரின் பக்கம் நின்று பேச வேண்டும்: இது ஓரிரவின் பாட்டு, வேறு இரவுகளும் உண்டு என்று. அவ்வாறு பேசும் பிரதியை ஆக்குபவனே கூத்தைக் காத்தவனாவான்.