நம் பிள்ளை கூர்நோக்கு இல்லத்தில் இருந்தபோது நாம் எங்கே இருந்தோம்?

 

 

போன வாரம் மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் நாலைந்து பையன்கள் ஒரே செல்போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சிறுவர் சிறையைப் பற்றிய ஏதோ ஒரு தொடர். உள்ளே அடிதடி, ரத்தம், ஒரு பையன் இன்னொரு பையனை மிரட்டுகிறான், வார்டன் லத்தியோடு வருகிறார். நான் பக்கத்தில் போனதும் போனை அணைத்துவிட்டார்கள். என்னப்பா இது என்று கேட்டேன். ஒருவன் சிரித்துக்கொண்டே, "உள்ள போயிட்டு வந்தவன்னா ஊர்ல ஒரு கெத்து ஹஜ்ரத், எவனும் மேல கை வைக்க மாட்டான்" என்றான்.

அவனைத் திட்டவில்லை. திட்டுகிற தகுதி எனக்கு இருக்கிறதா என்ற யோசனையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். காரணம், உள்ளே போய்விட்டு வந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அவனிடம் எந்தக் கெத்தும் இல்லை. தன் சொந்த வீட்டில் கக்கூசுக்குப் போக அம்மாவிடம் எழுந்து நின்று அனுமதி கேட்கிறான். இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. அவன் அம்மா இதை என்னிடம் சொல்லும்போது அழவில்லை, ஹஜ்ரத், அழுது முடித்துவிட்டேன் என்பது போல இருந்தது அந்த முகம்.

இன்றைய பயான் அந்தப் பிள்ளையைப் பற்றியது. பெயர் சொல்ல மாட்டேன், தெரு சொல்ல மாட்டேன். அந்தத் தாயிடம் கேட்டுத்தான் பேசுகிறேன், அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். வழக்கில் சிக்கிய 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது நாட்டின் சட்டப்படியும் குற்றம். முஃமினின் குறையை மறைப்பது நம் மார்க்கத்தில் எவ்வளவு பெரிய நன்மை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யார் அது, எந்த வீடு என்று தொழுகை முடிந்ததும் விசாரிக்கத் தொடங்கினால் இந்தப் பயானையே கேட்காதவர்கள் ஆகிவிடுவோம்.

நம் பொட்டிப்புரம் பெயரை வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்டது நியூட்ரினோவால். அம்பரப்பர் மலையைக் குடைவதா வேண்டாமா என்று எத்தனை கூட்டம், எத்தனை கேமரா! ஆனால் அந்த மலையடிவாரத்திலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கி ஏறி, கேரளத்து ஏலக்காட்டுக்குக் கூலிக்குப் போகும் பெண்களைப் படம்பிடிக்க எந்தக் கேமராவும் வந்ததில்லை. இந்தத் தாயும் அப்படிப் போகிறவர்தான். அத்தா இல்லாத பையன். அம்மா இருட்டோடு போய் இருட்டோடு வருகிறார். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டான். நடுவில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அவன் யாரோடு இருந்தான் என்று நம்மில் யாருக்கும் தெரியாது. யாரோ இரண்டு பெரிய ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. தோட்டத்து மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு வா, செம்புக்குக் காசு தருகிறோம் என்றிருக்கிறார்கள். மூன்றாவது தோட்டத்தில் பிடிபட்டான்.

தப்புதான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஒயர் போன விவசாயிக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாமல் வாழை வாடினால் அந்த நஷ்டம் யாருடையது? நம் ஹனஃபி ஃபிக்ஹில் சிறுவன் மீது ஹத்துத் தண்டனை கிடையாது. ஆனால் அவன் அழித்த பொருளுக்கு ஈடு உண்டு. பிறர் உரிமை பிறர் உரிமைதான். அந்தத் தாய் ஒயருக்கான பணத்தைத் தவணையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். செம்பை வாங்கியவர்கள் எதுவும் கொடுக்கவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். அவனைப் பிடித்துக்கொண்டு போன இரவு அந்தத் தாய் என் வீட்டுக் கதவைத் தட்டினார். மணி பதினொன்றிருக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டு நான் சொன்ன வார்த்தை, "காலையில பாக்கலாம்மா." காலையில் எனக்கு ஒரு நிக்காஹ் இருந்தது. மதியம் நினைவு வந்து போன் போட்டேன். அதற்குள் தேனியில் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் அவனைக் கொண்டுபோயிருந்தார்கள். வீட்டில் பையனைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். தாய் உண்மையைச் சொல்லியிருக்கிறார்: நான் ஏலக்காட்டுக்குப் போய்விடுவேன், யாரும் இல்லை. அவனுக்காக அங்கே வந்து நின்று, இவன் எங்கள் மஹல்லாப் பிள்ளை, நாங்கள் பொறுப்பு என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். வீடு திரும்ப 23 நாள் ஆயிற்று.

சூரா யூசுஃபை நாம் எத்தனை முறை ஓதியிருப்போம்! யூசுஃப் (அலை) அவர்களோடு சிறையில் இருந்த இருவரில் ஒருவர் விடுதலையாகிப் போகிறார். உன் எஜமானரிடம் என்னைப் பற்றிச் சொல் என்று நபி யூசுஃப் அவரிடம் கேட்டுக்கொள்கிறார்கள். ஷைத்தான் அதை மறக்கடித்துவிட்டான். அதனால் யூசுஃப் (அலை) இன்னும் சில ஆண்டுகள் சிறையிலேயே இருந்தார்கள் என்று குர்ஆன் சொல்கிறது. அந்த மனிதர் கெட்டவர் என்று குர்ஆன் சொல்லவில்லை. அவர் யாரையும் அடிக்கவில்லை, காட்டிக்கொடுக்கவில்லை. சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை மறந்தார், அவ்வளவுதான். அரபிக் கல்லூரியில் இந்த இடத்தைத் தஃப்ஸீரோடு ஓதிய காலத்தில் அந்த மனிதர் மீது எனக்குக் கோபம் வரும். இப்போது அந்த ஆயத்துக்கு வந்தால் என் குரல் தாழ்ந்துவிடுகிறது.

அந்த இரவில் எனக்குத் தெரியாமல் போனவற்றைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும், நம் யார் வீட்டுக்கும் வரலாம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது நிரம்பாத பிள்ளையைப் போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். பெரியவர்களுக்கு ஜாமீன் மறுக்கக்கூடிய வழக்காக இருந்தாலும் பிள்ளைக்கு ஜாமீன்தான் பொது விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு போய்ச் சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, அல்லது நீதியே கெட்டுப்போகும் என்று தோன்றினால்தான் மறுக்கலாம். ஆகவே பொறுப்பான ஒருவர் அங்கே போய் நிற்பது சின்ன விஷயமில்லை. வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098. விசாரணையில் குற்றம் நிரூபணமானாலும் பெரும்பாலான வழக்குகளில் அது பிற்காலத்தில் அவன் வேலைக்கோ படிப்புக்கோ தடையாகக் கூடாது, பதிவேடுகளையே அழிக்க வேண்டும் என்கிறது சட்டம். சிறுவனைக் குற்றத்துக்குப் பயன்படுத்தும் பெரியவனுக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் அபராதமும் உண்டு. பையன் கையில் கஞ்சாப் பொட்டலம் கொடுத்து அனுப்புகிறவனுக்கும் ஏழு ஆண்டு வரை. கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு கஞ்சா என்ற சொல்லுக்கு நாம் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. இந்த மஹல்லாவில் யாராவது ஒருவருக்கு அந்தத் தொழிலோடு தொடர்பிருந்தால், அல்லது திருட்டுச் செம்பென்று தெரிந்தே வாங்கும் பழைய இரும்புக் கடையோடு தொடர்பிருந்தால், இந்த வரிகள் அவருக்குத்தான்.

சட்டம் அதற்குச் சிறை என்று பெயர் வைக்கவில்லை, இல்லம் என்றுதான் வைத்திருக்கிறது. பெயர் மாறினால் போதுமா? 2022 டிசம்பர் கடைசியில் தாம்பரம் பக்கம் பேட்டரி திருடியதாக ஒரு 17 வயதுப் பையனை ரயில்வே பாதுகாப்புப் படையினர் பிடித்தார்கள். செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பர் 31ஆம் தேதி அவன் இறந்துவிட்டான். உடம்பெல்லாம் காயம். இல்லத்துக் கண்காணிப்பாளர் உட்பட ஆறு ஊழியர்கள் கைதானார்கள். அதன் பிறகு அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்து இந்த இல்லங்களை எப்படிச் சீர்திருத்தலாம் என்று அறிக்கை கேட்டது. இப்படிப்பட்ட இடங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் என்று சட்டத்தில் அதற்கு முன்பே எழுதித்தான் இருந்தது. ஒரு பேட்டரி, ஒரு உயிர். அவன் நம் மார்க்கத்துப் பிள்ளையா என்று இங்கே யாராவது மனதுக்குள் கேட்டால், தயவுசெய்து கேட்காதீர்கள். ஒரு யூதரின் ஜனாஸா போனபோது எழுந்து நின்று, அதுவும் ஓர் ஆன்மா அல்லவா என்று கேட்ட நபியின் உம்மத்து நாம்.

நம் முன்னோர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய கிதாபுல் கராஜில் கைதிகளைப் பற்றித் தனியாகவே பேசுகிறார்கள். வரிக் கணக்கு நூல் அது! அதில் கைதிக்குச் சாப்பாடு, கோடைக்கு ஒரு உடை, குளிருக்கு ஒரு உடை கொடுக்க வேண்டும், சங்கிலியோடு தெருவில் பிச்சையெடுக்க விடக் கூடாது என்று கலீஃபாவிடமே எழுதுகிறார்கள். இது பெரியவர்களுக்கு. சிறுவன் விஷயத்தில் நம் மத்ஹபு இன்னும் கவனமானது. வயதுக்கு வந்த அடையாளம் தெரியாத ஆண்பிள்ளைக்கு இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) வைத்த எல்லை 18 வயது. அவர்களின் மாணவர்கள் இருவரும் 15 என்றார்கள், அது வேறு பேச்சு.

இனி இரண்டு ஹதீஸ். இரண்டும் அபூ தாவூதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் பிறர் தோட்டத்தில் கை வைத்தவர்களைப் பற்றியவை.

அப்பாத் இப்னு ஷுரஹ்பீல் (ரலி) என்ற ஸஹாபி. பஞ்ச காலம். மதீனாவில் ஒரு தோட்டத்துக்குள் நுழைந்து கதிரைக் கசக்கித் தின்றுவிட்டு, கொஞ்சத்தைத் துணியிலும் முடிந்துகொண்டார். தோட்டக்காரர் வந்து அடித்து, அந்தத் துணியையும் பிடுங்கிக்கொண்டார். விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. அவர்கள் திரும்பியது யார் பக்கம்? தோட்டக்காரர் பக்கம். அவன் அறியாமல் இருந்தபோது நீ கற்றுக்கொடுக்கவில்லை, பசித்திருந்தபோது நீ சோறு போடவில்லை என்ற கருத்தில் பேசினார்கள். துணியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அதோடு ஒரு வஸக்கோ அரை வஸக்கோ தானியமும் அவருக்குக் கிடைத்தது. அரை வஸக் என்றாலும் அது பெரிய சுமை.

இன்னொருவர் ராஃபிஃ இப்னு அம்ர் (ரலி). சின்னப் பையனாக இருந்தபோது அன்ஸாரிகளின் பேரீச்ச மரங்களில் கல்லெறிவார். நம் தோப்புகளில் மாங்காய்க்கு எறிகிறார்களே, அதேதான். பிடித்து நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தார்கள். ஏன் எறிகிறாய் மகனே என்று முதலில் கேட்டார்கள். சாப்பிடத்தான் என்றான். கல்லெறியாதே, கீழே விழுந்து கிடப்பதைச் சாப்பிடு என்றார்கள். பிறகு அவன் தலையைத் தடவி, யா அல்லாஹ், இவன் வயிற்றை நிரப்பு என்று துஆச் செய்தார்கள்.

தலையைத் தடவிய அந்தக் கை! பிடித்துக்கொண்டு வந்தவர்கள் ஓர் அடியை எதிர்பார்த்திருப்பார்கள். பையனும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பான். ராஃபிஃ (ரலி) வளர்ந்து பெரியவராகி, தானே தன் வாயால் இந்தத் திருட்டுக் கதையைச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அது நம் கிதாபுகளில் இருக்கிறது. அவரைக் கல்லெறிந்தவன் என்று யாரும் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டிருந்தால் அவர் இதை வெளியே சொல்லியிருப்பாரா?

நம் பையன் திரும்பி வந்த முதல் ஜும்ஆவில் என்ன நடந்தது என்பதை மிம்பரில் நின்று நானே பார்த்தேன். அவன் வந்து ஸஃப்பில் நின்றான். பக்கத்தில் நின்றவர் தன் மகனின் கையைப் பிடித்து இழுத்து, அடுத்த ஸஃப்புக்குப் போனார். தோளோடு தோள் சேர்த்து நிற்கச் சொல்லிவிட்டுத்தான் தக்பீர் கட்டினேன். அவனுக்குப் பக்கத்தில் அந்த இடைவெளி அப்படியே இருந்தது. மறு வாரம் அவன் வரவில்லை. மதரஸாவில் அவனைச் சேர்க்க வேண்டாம், மற்ற பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று இரண்டு பேர் என்னிடம் வந்து சொன்னார்கள். அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது, எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் நாம் ஒதுக்கினால் அவன் போய் நிற்பதற்கு இந்த ஊரில் ஓர் இடம் தயாராக இருக்கிறது. செம்பு வாங்கியவர்கள் அவனை ஒதுக்கவில்லை. அவன் வந்த இரண்டாம் நாளே வீட்டுப் பக்கம் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

யூசுஃப் (அலை) அவர்கள் அரியணைக்குப் பக்கத்தில் அமர்ந்த பிறகு தன் தந்தையிடம் அல்லாஹ்வின் அருளைச் சொல்லும்போது, என்னைச் சிறையிலிருந்து வெளியேற்றினான் என்று சொன்னார்கள். சிறையைச் சொல்ல வெட்கப்படவில்லை. ஆனால் கிணற்றைச் சொல்லவில்லை. சகோதரர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள், அவர்கள் தலை குனியக் கூடாது என்பதற்காகத்தான் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். கிணற்றில் தள்ளியவர்களின் மானத்தைக் கிணற்றில் விழுந்தவர் காப்பாற்றினார். நாம் என்ன செய்கிறோம்? விழுந்த பிள்ளையின் கிணற்றைத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த தம்பிகளுக்கு ஒன்று. அந்தத் தொடரில் நீங்கள் பார்த்த கெத்து, கேமரா அணைந்ததும் வீட்டுக்குப் போய்விடுகிற நடிகருடையது. உண்மையாகவே உள்ளே போனவனைப் பார்க்க ஆசையாக இருந்தால் பார்க்காதீர்கள். அவனைக் கிரிக்கெட்டுக்குக் கூப்பிடுங்கள். உள்ளே என்ன நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், அவனாகச் சொன்னால் காது கொடுங்கள்.

பெரியவர்களுக்கு. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த வியாழக்கிழமை குழுமத்தின் அமர்வு இருக்கிறது. நான் போகிறேன். இந்த முறை இரவே கிளம்பத் தயார். என்னோடு இரண்டு பேர் வேண்டும். எந்த வீட்டுப் பிள்ளை என்று முன்கூட்டியே கேட்காமல் வரச் சம்மதிப்பவராக இருக்க வேண்டும். நன்னடத்தை அலுவலரிடம், பகலில் இவனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும்போது, பகலில் உண்மையிலேயே பார்த்துக்கொள்கிறவராகவும் இருக்க வேண்டும். ஒர்க்ஷாப் வைத்திருப்பவரோ, வயரிங் வேலை எடுத்துச் செய்பவரோ வந்தால் இன்னும் நல்லது. ஒயரை அறுக்கத் தெரிந்த கைக்கு அதை இணைக்கவும் சீக்கிரம் வரும் என்று நினைக்கிறேன். முத்தவல்லி ஸாஹிபிடம் பேசிவிட்டேன், போக்குவரத்துச் செலவை ஜமாஅத் ஏற்றுக்கொள்ளும்.

வருகிறவர்கள் எல்லோர் முன்பும் கை தூக்க வேண்டாம். சுன்னத் தொழுதுவிட்டு என் அறைக்கு வாருங்கள். அஸர் வரை அங்கேதான் இருப்பேன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.