நிகழாத வாசிப்பும் கேட்கும் ஆன்மாவும்

கொடைக்கானலை விட்டுச் சில மைல் தூரம் சரிவில் இறங்கினால், மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளையும் படிவயல்களுக்கு நடுவே வில்பட்டி என்னும் கிராமம் இருக்கிறது. அவ்வூரில் ஒருவன் தன் வீட்டு அறையொன்றின் சுவர்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, மைக்கும் கணினியும் வைத்துக்கொண்டு, பாட்டில்லாத ஒரு கிட்டார் இசையைப் பதிவு செய்ய அமர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இந்நாளில் இது அபூர்வமான காரியம் அன்று. மலையின் ஈரக்காற்றில் வாத்தியத்தின் பலகை உப்பிச் சுருதி நழுவுவதும், கூரைத் தகரத்தில் மழை இறங்கினால் பாதி வாசிப்பில் கையெடுத்துக் காத்திருப்பதும் அவனுக்குரிய சிரமங்கள். முதல் நாள் தாள நடையை மட்டும் வாசித்துப் பதிகிறான். மறுநாள் அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே மந்தர ஸ்தாயியில் ஒரு வரிசையை அதன்மேல் சேர்க்கிறான். மழை நின்ற வேறொரு நாளில் பிரதானமான ராக சஞ்சாரத்தை வாசிக்கிறான். கடைசியில், மிக்ஸிங் என்று அத்தொழிலில் வழங்கும் காரியத்தால், இவற்றின் ஏற்ற இறக்கங்களைச் சமன் செய்து, ஒன்றை இடப்புறமும் மற்றொன்றை வலப்புறமும் அமர்த்தி, கம்பளி உறிஞ்சிவிட்ட எதிரொலியைக் கணினியின் உதவியால் திரும்ப அளித்து, யாவற்றையும் ஒரே இசையாக்கி முடிக்கிறான். கேட்பவன் செவியில் அது ஒரே கூடத்தில் ஒரே வேளையில் எழுந்த இசையாகவே படுகிறது. ஆனால் அப்படியொரு வாசிப்பு எந்த நாளிலும் எந்த இடத்திலும் நிகழவில்லை. நிகழாத ஒன்றை நாம் கேட்பது எவ்விதம்? யந்திர சாஸ்திரம் இதற்கு விடை கூறாது. நம்முடைய தரிசனங்களிடமே இக்கேள்வியைக் கொண்டுபோக வேண்டும் என்று கருதுகிறேன்.

கிட்டார் அந்நிய வாத்தியமாயிற்றே, அதற்கும் நம் தரிசனங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று எவரேனும் கேட்கலாம். அதன் உடற்கூட்டுக்கு உலகெங்கும் விரும்பப்படும் மரங்களுள் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் ஈட்டி என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். நாதத்தைப் பற்றிய விசாரணைக்கு வாத்தியத்தின் பிறப்பூர் ஒரு பொருட்டன்று.

பகுதி பகுதியாகப் பதிந்து அடுக்கிச் சேர்க்கும் வழக்கத்துக்கு ஆதி புருஷர் என்று சொல்லத்தக்கவரும் ஒரு கிட்டார் வித்வானே. லெஸ் பால் என்னும் அமெரிக்கர், ஹாலிவுட்டில் தம் வீட்டுக் கார் கொட்டகையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கி, எட்டுக் கிட்டார்களின் பகுதிகளையும் தாம் ஒருவரே வாசித்து, ஒரு தட்டில் பதிந்ததை ஒலிக்கவிட்டு அதனோடு இணைந்து வாசித்து மற்றொரு தட்டில் பதிந்து, இப்படியே அடுக்கடுக்காகச் சேர்த்து ‘லவர்’ என்னும் இசைத்தட்டை 1948-இல் வெளிக்கொணர்ந்தார். சில பகுதிகளைப் பாதி வேகத்தில் பதிந்து முழு வேகத்தில் ஒலிக்கச் செய்தமையால், மனித விரல்களுக்கு எட்டாத துரிதமும் அதில் கேட்கிறது. நம் சென்னைப் படக் கூடங்களில் அக்காலத்திலும் அதற்குப் பின்னர் நெடுங்காலமும் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக அமர்ந்து, ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்கும் முறையே நிலவியது. கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரஹ்மான் தம் வீட்டின் பின்புறத்தில் 1989-இல் பஞ்சதன் என்னும் கூடத்தை அமைத்து, 1992-இல் ‘ரோஜா’வின் இசையை அங்கிருந்து உலகுக்கு அளித்தபோது, அடுக்கிச் சேர்க்கும் கலை தமிழ் வீடொன்றில் வேரூன்றியதை நாடு முழுவதும் கேட்டது.

இனி விஷயத்துக்கு வருவோம். சப்தம் நித்தியமா அநித்தியமா என்பது நம் நாட்டின் பழைய வழக்குகளுள் ஒன்று. சப்தம் என்றும் உள்ளது, நம் முயற்சி அதை உண்டாக்குவதில்லை, மறைப்பை விலக்கி வெளிப்படுத்துகிறது என்றனர் மீமாம்ஸகர்; நேற்றுக் கேட்ட எழுத்தே இன்றும் கேட்கிறது என்று நாம் அடையாளம் காண்பதை அதற்குச் சான்றாகக் காட்டினர். அவர்கள் பேசியது வேதத்தின் எழுத்துக்களைக் குறித்தேயாயினும், வாதம் ஸ்வரத்துக்கும் பொருந்தும். நியாய தரிசனத்தாராகிய நையாயிகரோ, சப்தம் முயற்சியால் பிறந்து அழிவது, நேற்றையதும் இன்றையதும் ஒத்த இனத்தனவேயன்றி ஒன்றல்ல என்றனர். ‘மணிமேகலை’யில் பௌத்த தருக்கத்தை விளக்கும் காதையிலும், செய்யப்படுவதால் சத்தம் அநித்தம் என்பதே அனுமானத்துக்கு உதாரணமாக வந்து நிற்பதைத் தமிழர் அறிவர்.

பதிவுக் கருவி தோன்றியதும் மீமாம்ஸகர் பக்கம் வலுப்பெற்றதாகத் தோன்றக்கூடும்: வில்பட்டியில் எழுந்த நாதம் அழியாமல் தங்கியிருக்கிறது, வேண்டும்போது வெளிப்படுகிறது அல்லவா? அப்படியன்று. கணினியில் இருப்பவை எண்கள். ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்தெழுதிய எண்கள். அவற்றில் சப்தம் இல்லை. ஒலிபெருக்கியின் தோல் அதிரும் ஒவ்வொரு முறையும் புதிய சப்தமே பிறந்து புதிதாகவே மடிகிறது. மேலும், வெளிப்படுத்துவது என்றால் முன்பே உள்ள ஒன்று வேண்டும். அடுக்கிச் சேர்த்த இசைக்கோ முன்னிருப்பு என்பதே கிடையாது. லெஸ் பாலின் எட்டுக் கிட்டார்கள் ஒன்றாக ஒலித்த க்ஷணம் ஒன்றேனும் உலகில் இருந்ததில்லை. ஆகவே சப்தத்தைப் பொறுத்தவரை நையாயிகரே வென்றனர் என்று தயக்கமின்றிச் சொல்கிறேன்.

அவர்களுடைய நுட்பத்துக்கு இன்னொரு சான்றும் உண்டு. கதம்ப மொட்டின் இதழ்கள் எல்லாத் திசையிலும் ஒருங்கே விரிவதுபோல் ஓர் ஒலி பல ஒலிகளைப் பிறப்பித்துப் பரவுகிறது, ஒவ்வொரு செவியும் தன்னை வந்தடைந்த ஒலியையே கேட்கிறது என்று அவர்களுள் ஒரு சாரார் கூறினர். முருகனுக்குரிய கடம்பு இந்த நியாயத்துக்குப் பெயர் தந்திருப்பது வில்பட்டி அமைந்த பழனிமலைத் தொடரில் நின்று நினைக்கையில் தனி இன்பம் தருகிறது. ஒரே கிட்டாருக்கு எதிரே இரண்டு மைக்குகளை நிறுத்தியவன் இதைக் கண்கூடாக அறிவான். ஒன்றைவிட மற்றொன்று 34 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், நாதம் அங்கே விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதித்துச் சேரும். விநாடிக்கு 500 முறை அதிரும் ஸ்வரத்துக்கு அத்தாமதம் அரை அதிர்வு. இரண்டையும் சம அளவில் கூட்டினால் ஒன்றன் மேடும் மற்றதன் பள்ளமும் எதிர்ப்பட்டு, அந்த ஸ்வரம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். நாதமும் நாதமும் கூடி மௌனமாகும் இந்த விந்தையைக் கண்ட பிறகு, நாதத்தை நித்தியப் பொருள் என்று சொல்ல நா எழுவதில்லை.

ஆனால் நையாயிகர் வென்றதோடு கேள்வி தீர்ந்துவிடவில்லை; அதன் கனம் வேறிடத்துக்கு மாறுகிறது. அடுக்கிய இசையைப் பொய் என்று வெறுக்கும் நல்லோர் சிலர் இருக்கின்றனர். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கச்சேரியில் ஒரே வித்வான் ஒரே மூச்சில் வாசிக்கும்போதுங்கூட, காந்தாரம் ஒலிக்கையில் ரிஷபம் மறைந்துவிட்டது, மத்யமம் இன்னும் பிறக்கவில்லை. ராகம் முழுவதும் எந்த ஒரு க்ஷணத்திலும் வெளியே இருப்பதில்லை. அதை ஒன்றாக்குவது கேட்பவனுடைய அறிவே. வீட்டுக் கூடத்துப் பதிவு புதிய பொய் எதையும் புகுத்தவில்லை; இசையின் ஒருமை காற்றில் ஒருபோதும் இருந்ததில்லை என்பதை மறைக்க முடியாதபடி நம் முன் நிறுத்திவிடுகிறது.

அந்தக் கேட்பவன் யார்? முன் க்ஷணத்தின் வாசனையை ஏந்திவரும் பின் க்ஷணங்களின் தொடர்ச்சியே போதும், ஆன்மா வேண்டுவதில்லை என்பர் க்ஷணிகவாதிகளாகிய பௌத்தர். வாசனை ஏந்திய க்ஷணம் ரிஷபத்தின் சாயலை அறியலாம். ஆனால் ‘ரிஷபத்தைக் கேட்ட நானே காந்தாரத்தையும் கேட்கிறேன்’ என்று இரண்டையும் பிணைக்கும் அறிவுக்கு, இரண்டிலும் நின்ற ஒருவன் வேண்டும். இந்த இடத்தில் என் நெஞ்சம் சைவ சித்தாந்தத்தையே சார்கிறது. அருணந்தி சிவாசாரியர் தம் சிவஞான சித்தியாரில், பிற மதங்களை மறுக்கும் பரபக்கத்தில் பௌத்தரையும் மறுத்தார், சத்தமே பிரமம் என்ற வாதியையும் மறுத்தார். நாதத்தைச் சுத்த மாயையில் தோன்றும் காரியம் என்று தாழ்த்தி நிறுத்திய அந்த நெறியே, சார்ந்ததன் வண்ணமாதல் ஆன்மாவின் இயல்பு என்றும் கண்டது. தானாக அறியாமல், அறிவிக்க அறிந்து, எதைப் பற்றுகிறதோ அதுவாகவே நிற்பது உயிர். இசையில் தோய்ந்து அமர்ந்தவன் இதைவிடத் தெளிந்த விளக்கத்தை எந்தச் சாஸ்திரத்திலும் காணமாட்டான்.

மிக்ஸிங்கில் அமர்ந்தவனுக்கு இது அன்றாட சாதனையாகவே வாய்க்கிறது. வாசித்தவனும் கலப்பவனும் ஒருவனாயிருப்பது வீட்டுக் கூடத்தின் நியதி. தான் வருந்திப் பயின்ற ஒவ்வோர் உருட்டும் உரக்க ஒலிக்க வேண்டும் என்று வாசித்தவனுடைய அகங்காரம் கேட்கும். எல்லாவற்றையும் உயர்த்தினால் எதுவும் கேட்காது. ஆகவே ஒவ்வொன்றாகத் தணிக்கிறான், மந்தரத்தின் கனத்தைச் சிறிது கழிக்கிறான், அழகான ஒரு வரிசையையே அடியோடு எடுத்துவிடுகிறான். யாவும் துறந்து தண்டொன்றே கைக்கொண்டு நின்ற பழனியாண்டவனின் மலைத்தொடரில் இந்தத் துறவு நடப்பது பொருத்தமே. அனுபவசாலிகள் இதன் பிறகு அப்பதிவைச் சில நாட்கள் தொடாமல் வைத்துவிட்டு, வேறோர் ஒலிபெருக்கியில் கேட்கச் சொல்வார்கள். விரல்களின் நினைவு தணிந்து, எந்த வரிசையை என்று வாசித்தோம் என்பது மறந்து, பிறர் இசையைக் கேட்பவனைப்போல் அவன் கேட்பானாயின், எந்த நாளிலும் நிகழாத அந்த வாசிப்பு அப்போதுதான், அவனிடத்தில்தான், முதன்முறையாக நிகழ்கிறது.