காவலிருப்பவரின் துயர்

தன்னுடலைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒருவரிடம் இரங்குவதற்கு நம்மவர் சிலராவது இன்று பழகியுள்ளனர். ஆனால், அவர் அருகில் விழித்திருக்கும் தாயைப் பற்றியோ மனைவியைப் பற்றியோ நாம் சிந்திப்பது அரிது. ஒருவர் மற்றொருவரின் உயிருக்கு எத்துணை தூரம் பொறுப்பாளி? இஃது ஏட்டுக் கேள்வியன்று.

இவ்வாறு செய்வோர் எல்லோரும் சாவை நாடுவதில்லை. சொல்லிலடங்காத வேதனையைச் சிறிது தணிக்கவே பலர் முனைகின்றனர். அதனை நடிப்பென்று ஏளனஞ் செய்தல் கொடுமை. அவர்க்குப் பின்னாளில் உயிராபத்து நேரும் வாய்ப்பு அதிகமாதலால், அலட்சியம் செய்தலும் தவறே.

தாயின் நிலை யாது? மூடிய கதவின் முன் செவிசாய்த்து நிற்கிறாள். ‘ஒருவருக்கும் சொல்லாதே’ என்ற வேண்டுகோளைச் சுமந்தபடி கோயிலிலும் சந்தையிலும் சிரித்த முகங் காட்டுகிறாள். ஒருநாள் சினம் மூளுகிறது. மறுகணமே அதற்காக நாணுகிறாள். தன் அன்பு போதாமையாலேயே இது நேர்ந்ததென்று நோகிறாள். அயலாரோ வளர்ப்பைக் குறை கூறுகின்றனர். அன்பே மருந்தாகுமாயின் நீரிழிவும் அன்பினால் தீர்ந்திருக்கும். அவள் சினம் பாவமன்று, களைப்பின் குரல்.

எமது புத்தூரின் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் மழைநீர் உவர்நீரின் மேல் மிதந்தே நிற்கிறது. அளவு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறும் என்பதைத் தோட்டக்காரர் அறிவர். மனிதரின் பொறுமையும் அத்தகையதே. ஓயாது இறைத்துவிட்டுக் கிணற்றைப் பழித்தல் நியாயமாகாது.

ஆகவே, இச்சுமை ஒருவருடையதன்று. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின், இருபது ஆண்டுகளில் அவ்வீதம் மூன்றிலொன்றளவுக்கு வீழ்ந்தது. தம்மைத் துன்புறுத்துவோர் தொகை குறைந்ததெனக் கூற இயலாது, பிழைத்தோர் பெருகினர். ஆயிரம் தாய்மாரின் விழிப்பால் இயலாததைச் சட்டம் செய்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது. போரின் உளவடுவைத் தனியாளின் நோயாக மட்டுமன்றி, குடும்பத்தினதும் சமூகத்தினதும் காயமாகவும் காணவேண்டுமென உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதியுள்ளார்.

எனினும், சட்டம் ஒரு வீட்டில் இரவில் விழித்திருக்காது. அங்கே நமது கடமை தொடங்குகிறது. உயிராபத்து நேருமிடத்து இரகசியம் காத்தல் அறமன்று. வைத்தியரிடம் கூறுவது துரோகமுமன்று. 1926 என்னும் தேசிய உளநலத் தொலைபேசி எண் நோயுற்றவருக்கு மட்டுமன்றி, அவரைத் தாங்கிக் களைத்தவருக்கும் உரியதே. ஆசிரியரும் உறவினரும் அறிவுரையைக் குறைத்து, அத்தாய் உறங்கும்படி ஓரிரவேனும் உடனிருத்தல் வேண்டும்.

பங்குக் கிணற்றில் முறைவைத்து நீரிறைக்கத் தெரிந்த நம்மவர்க்கு, ஒரு வீட்டின் துயரை முறைவைத்துத் தாங்குதல் இயலாத காரியமன்று.