அடுத்த புள்ளிக்கு ஆடு!

டென்னிஸ் வீரர் ரோஜர் பெடரர் 20 கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை வென்றவர். 1,500-க்கும் மேற்பட்ட ஒற்றையர் ஆட்டங்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தை வென்றவர். அப்படியானால், ஆடிய புள்ளிகளில் எத்தனை சதவீதம் அவர் பக்கம் வந்திருக்கும்? எழுபது என்பாய், எண்பது என்பாய். வெறும் 54! 2024-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் அவரே சொன்ன கணக்கு இது.

உலகமே எழுந்து நின்று கைதட்டிய மனிதர், ஏறக்குறைய இரண்டு புள்ளிக்கு ஒன்றைப் பறிகொடுத்திருக்கிறார். நீயோ ஒரு தேர்வில் தவறியதற்கும், ஒரு நேர்காணலில் கைவிரித்ததற்கும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாய்!

டென்னிஸில் ஒரு புள்ளி முடிந்தால் அடுத்த சர்வீஸுக்கு 25 விநாடி அவகாசம். அந்த நேரத்தில் வீரர்களைக் கவனி. துண்டை வாங்கி முகம் துடைப்பார்கள். ராக்கெட் நரம்புகளை விரலால் நேராக்குவார்கள். கோட்டருகே வந்து பந்தைத் தரையில் தட்டுவார்கள். அதற்குள் போன புள்ளியைத் தலைமுழுகிவிட வேண்டும். எங்கே தப்பு நடந்தது என்று அலசலாம். ஆனால் அது ஆட்டம் முடிந்த பிறகு. ஆடும்போதே அழுதுகொண்டிருந்தால் அடுத்த புள்ளியும் போகும்.

இங்கே கைகொடுக்க மாற்று ஆட்டக்காரர் வரமாட்டார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரிவில் களம் இறங்குவோர் 128 பேர். தோற்று வெளியேறுவோர் 127 பேர். தரவரிசையில் கீழே இருப்பவர்களுக்கு விமானக் கட்டணம், அறை வாடகை, பயிற்சியாளர் சம்பளம் எல்லாமே பெரும்பாலும் கைக்காசு. ஆனாலும் அடுத்த வாரம் இன்னொரு ஊரில், இன்னொரு முதல் சுற்றில் நிற்கிறார்களே, அதற்குப் பெயர்தான் நெஞ்சுரம்!

2025 பிரெஞ்சு ஓபன் இறுதியாட்டம். முதல் இரண்டு செட்டும் யானிக் சின்னருக்கு. நான்காவது செட்டில் 5-3 என முன்னிலை. கார்லோஸ் அல்கராஸின் சர்வீஸில் 0-40. மூன்று புள்ளிகளில் ஒன்று கிடைத்தால் கோப்பை! மூன்றையும் அல்கராஸ் முறியடித்தார். 5 மணி 29 நிமிடம் போராடிக் கோப்பையைத் தூக்கினார். கடைசிப் புள்ளி விழும்வரை தோல்வி என்று ஒன்று இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத சின்னர் என்ன செய்தார்? முடங்கிப் போனாரா? ஐந்தே வாரத்தில் விம்பிள்டன் இறுதியாட்டம். எதிரே அதே அல்கராஸ். முதல் செட்டையும் இழந்தார். அடுத்த மூன்று செட்டையும் வென்று பட்டத்தைப் பறித்தார்!

உனக்கும் நேற்று ஒரு புள்ளி போயிருக்கலாம். போகட்டும்! எல்லாப் புள்ளியையும் வென்றவன் இந்த மண்ணில் பிறக்கவில்லை. நூற்றுக்கு 54 போதும், நீ உச்சிக்குப் போக! அந்த நாற்பத்தாறுக்காகப் புலம்பிக்கொண்டு கிடைக்க வேண்டியதையும் கோட்டை விடாதே. கிழிந்த விண்ணப்பத்தை மறுபடி எழுது. மூடிய கதவை மறுபடி தட்டு. எழு, கோட்டுக்கு வா, அடுத்த சர்வீஸைப் போடு!